அஸ்வெசுமவில் இருந்து வெளியேறுவது என்றால் என்ன?

அரசாங்க உதவியில் தங்கி வாழும் குடும்பங்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்க வேண்டும். எந்தக் கட்சி மேடையிலும் கைதட்டல் வாங்கும் பேச்சு இது. மறுத்துச் சொல்ல யாருமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தப் பேச்சு அவ்வளவாகக் கேட்பதில்லை. பொருளாதாரம் விழுந்து கிடக்கும்போதுதான் உரத்துக் கேட்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தொழில் படுத்தால் அரசுக்கு வரி வருவது குறையும். அதே மாதத்தில் உதவி கேட்டு வருவோர் தொகை கூடும். பெட்டியில் காசு குறைய, வாசலில் வரிசை நீளும். அப்போது வரிசையைக் குறைக்கத்தான் முதலில் கை போகும்.

வரிசையைக் குறைப்பதும் தங்கியிருப்பதைக் குறைப்பதும் ஒன்றா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உதாரணத்துக்கு இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். 1942இல் பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் இன்றைய அஸ்வெசும திட்டம் வரை, உதவி கொடுப்பதிலும் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதிலும் எண்பது வருட அனுபவம் உள்ள நாடு அது. 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்து, அந்த நெருக்கடியின் நடுவிலேயே தன் நலத்திட்டத்தை மாற்றி அமைத்த நாடும் அதுதான்.

எதைக் குறைக்கிறோம்?

நலத்திட்டம் பற்றிய செய்திகளில் மூன்று எண்கள் கலந்து கிடக்கும். பட்டியலில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது ஒன்று. உதவி இல்லாமல் மாதத்தை ஓட்ட முடியாத குடும்பம் எத்தனை என்பது இன்னொன்று. அரசு இதற்காகச் செலவிடும் தொகை மூன்றாவது.

தங்கியிருப்பதைக் குறைப்பது என்றால் நடுவில் உள்ள எண் குறைய வேண்டும். அதைக் குறைப்பதுதான் கஷ்டம், வருடக்கணக்கில் எடுக்கும். மற்ற இரண்டையும் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே நாளில் குறைத்துவிடலாம். அதனால்தான் அமைச்சர்கள் பேசும்போது பெரும்பாலும் முதலாவது எண்ணையோ மூன்றாவது எண்ணையோ சொல்லிவிட்டு, இரண்டாவது குறைந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருவார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. பலருக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

1953இல் நடந்ததைப் பாருங்கள். கொரியப் போர் காலத்தில் இறப்பருக்கு நல்ல விலை கிடைத்தது. அது போனதும் நாட்டின் வருமானம் சரிந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன அரிசி மானியத்தை வெட்டினார். 25 சதத்துக்குக் கிடைத்த ஒரு கொத்து கூப்பன் அரிசி 70 சதம் ஆனது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டிய நிலை. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு அரிசி மானியத்தை அடியோடு நீக்க எவருக்கும் துணிவில்லை. 1970 தேர்தலில் இரண்டு கொத்து அரிசி தருவோம், சந்திரனில் இருந்தாவது கொண்டுவருவோம் என்ற வாக்குறுதியே கேட்டது.

பிறகு அதைச் செய்தவரும் 1977இல் ஆட்சிக்கு வந்த அதே ஜயவர்தனதான். ஆனால் இம்முறை ஒரேயடியாக வெட்டவில்லை. 1978இல் மாதம் 300 ரூபாய்க்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றார். 1979 செப்டம்பரில் அரிசியை நிறுத்தி, உணவு முத்திரை கொடுத்தார். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 25 ரூபாய், எட்டில் இருந்து பன்னிரண்டு வரை 20, அதற்கு மேற்பட்டவருக்கு 15. இந்தத் தொகையில் பெரிய சூது ஒன்றும் கிடையாது. விலைவாசி ஏறும்போது அது ஏறாது என்பதைத் தவிர. சாமான் விலை கூடிக்கொண்டே போக, சில வருடங்களிலேயே முத்திரையின் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கு மக்கள் உண்ணும் கலோரி குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மானியச் செலவு மட்டும் வெகுவாகக் குறைந்தது. ஹர்த்தால் இல்லை, போர்க்கப்பல் இல்லை. பட்டியலில் இருந்து மேலும் ஒரு பெயரைக் கூட வெட்டாமல், கொடுக்கும் காசு கரைய விட்டே மூன்றாவது எண்ணைக் குறைக்கலாம் என்று அரசு கற்றுக்கொண்டது. இன்று வரை பல நாடுகளில் பயன்படும் முறை இது. சத்தம் வராது என்பதே இதன் வசதி.

வெளியேறும் கதவு

நடுவில் உள்ள எண்ணைக் குறைக்க வேண்டும் என்று நேரடியாக நினைத்த முதல் பெரிய திட்டம் 1989இல் ஜனாதிபதி பிரேமதாச கொண்டுவந்த ஜனசவிய. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபாய்க்குச் சாமான் வாங்கலாம். மீதி 1,042 கணக்கில் சேரும். இரண்டு வருட முடிவில் சேமிப்பு 25,000 ரூபாய் ஆகும். அதை முதலாக வைத்து ஒரு தொழில் தொடங்கி வெளியேற வேண்டும். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் வெளியேற்ற மாதிரியின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, முதலுக்கு ஒரு பங்கு, முடிவுக்கு ஒரு தேதி. ஆனால் எல்லா ஏழைக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க அரசிடம் காசு இல்லை; சுற்றுச் சுற்றாகவே கொடுத்தார்கள். தன் பிரதேசத்தின் முறை வரும் வரை காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

ஜனசவியவுக்குப் பதிலாக 1995இல் வந்த சமுர்த்தித் திட்டத்துக்கும் சேமிப்பும் வங்கியும் உண்டு. ஆனால் வெளியேறும் கதவு மட்டும் துருப்பிடித்தது. யாரைச் சேர்ப்பது என்பதில் கட்சிக்காரர் கை இருந்தது. சேர்ந்தவரை நீக்கினால் வாக்குப் போகும். அதனால் நல்ல வீடு கட்டியவரும் பட்டியலில் இருந்தார், முத்திரையே கிடைக்காத ஏழையும் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார். கொடுத்த தொகையும் சிறிது: நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கும் நெருக்கடிக்கு முன் 3,500 ரூபாய்தான். நெருக்கடி வந்தபோது பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. இந்தக் குறையைச் சொல்லாமல் அஸ்வெசுமவைத் திட்டுவது நியாயமில்லை. பழையது நன்றாக ஓடியது, புதியது வந்து கெடுத்தது என்ற கதை உண்மையல்ல.

2022இல் பணவீக்கம் செப்டம்பர் மாதம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள் விலையோ ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பொருளாதாரம் அந்த வருடம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340 ரூபாய் ஆனது. மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய சிறு படகுக்காரருக்கு அது என்ன அடி என்று வடக்குக் கரையோரம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலக வங்கிக் கணக்கில் வறுமை 2019இல் இருந்ததைப் போல் இரு மடங்கானது. நாட்டில் நாலு பேரில் ஒருவர் ஏழை.

இந்த நிலையில்தான் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் கடன் ஒப்பந்தம் வந்தது. ஜூலையில் அஸ்வெசும வந்தது. சட்டம் புதிதல்ல, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இருபது வருடம் தூங்கிக் கிடந்தது. ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போட்டு நான்கு படிகளில் பிரித்தார்கள். மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவருக்கு 5,000, இடைநிலையில் உள்ளவருக்கு 2,500. மொத்தம் இருபது இலட்சம் குடும்பங்கள். 2025 ஜனவரி முதல் மேல் இரண்டு படிகளின் தொகை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் கூடியது.

இந்தத் திட்டத்தின் கதவுக்குத் தொடக்கத்திலேயே தேதி எழுதி வைத்தார்கள். இடைநிலைக் குடும்பத்துக்கு 2023 டிசம்பர் 31 வரை, அடுத்த படிக்கு 2024 ஜூலை வரை, வறியவருக்கும் மிக வறியவருக்கும் மூன்று வருடம். நெருக்கடியால் தற்காலிகமாகக் கீழே விழுந்தவர் ஆறு மாதத்தில் எழுந்துவிடுவார் என்பது கணக்கு. எழவில்லை. அரசே பின்னர் அந்தத் தேதிகளைத் தள்ளிப்போட்டது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தும், உலக வங்கிக் கணக்கில் வறுமை நாலில் ஒருவர் என்ற இடத்திலேயே ஏறத்தாழ நின்றது. நாட்டுக் கணக்கு தேறிவிட்டாலும் வீட்டுக் கணக்கு தேறப் பின்னும் சில வருடம் எடுக்கும். கதவுக்குத் தேதி வைப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மோட்டார் சைக்கிள் சொல்லும் பொய்

ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்று அரசுக்கு எப்படித் தெரியும்? சம்பளச் சீட்டு உள்ளவரென்றால் பார்த்துவிடலாம். கூலி வேலை, கடற்றொழில், தோட்டம், சின்ன வியாபாரம் என்று வாழும் குடும்பத்தின் வருமானம் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் பொருளை வைத்து வருமானத்தை ஊகிக்கிறார்கள். சுவர் என்ன சுவர், கூரை என்ன கூரை, வாகனம் உண்டா, மின்சாரம் எத்தனை யூனிட், எத்தனை பேர் படித்தார்கள். பணம் இருந்தால் பொருள் இருக்கும் என்பதே இதன் நம்பிக்கை.

சாதாரண காலத்தில் இந்த ஊகம் ஓரளவு பலிக்கும். திடீரென்று பொருளாதாரம் விழும்போது பலிக்காது. 2018இல் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் 2022இலும் முற்றத்தில் நிற்கும், பெற்றோல் இல்லாமல். சீமெந்துச் சுவர் அப்படியே இருக்கும், அடுப்பில் ஒரு நேரம்தான் புகை வரும். பொருள் பழைய வருமானத்தின் தடயம். இன்றைய வருமானத்தை அது காட்டாது. அதனால் புதிதாக ஏழையானவரை இந்த முறை எளிதில் தவறவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு, கையில் காசு புழங்கியும் பொருளில் காட்டாதவர் உள்ளே வந்துவிடுவார். 2023 ஜூனில் பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்ததற்கு அரசியல் தூண்டுதலை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம். 2019ஆம் ஆண்டின் அதிகாரபூர்வக் கணக்கில் நாடு முழுக்க வறுமை 14.3 சதவீதம், தோட்டப்பகுதியில் 33.8. அங்கே நிரந்தர வேலையும் சம்பளப் பட்டியலும் உண்டு. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் உண்டு. படிவத்தில் இவை எல்லாம் நல்ல புள்ளி வாங்கும். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம், சம்பளமோ வேலைக்கு இறங்கிய நாள் கணக்கு என்பதைக் கேட்கும் கேள்வி சரியாக அமைந்தால்தான் உண்மை வெளிவரும்.

வெளியேற்றம் பற்றிப் பேசும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். உள்ளே விடும்போது தவறிய அளவுகோல்தான் வெளியே அனுப்பும்போதும் கையில் இருக்கிறது. அதனால்தான்.

கூடச் சம்பாதித்தால் குறைந்துவிடுமா?

வறியவர் படியில் 10,000 ரூபாய் வாங்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய்க்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது, கையில் 32,000 ரூபாய். பஸ்ஸுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 6,000 போகும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் 8,000. வேலைக்குப் போவதால் உதவி நின்றுவிட்டால் இன்னும் 10,000 போச்சு. மிஞ்சுவது 8,000. இருபத்தாறு நாள் வேலைக்கு, ஒரு நாளுக்கு முந்நூறு ரூபாய் சொச்சம். இந்தத் தொகைகள் என் ஊகமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது.

இப்போது அந்தத் தாய் வேலைக்குப் போகவில்லை என்றால் அவளைச் சோம்பேறி என்பீர்களா? அவள் கணக்குத் தெரிந்தவள். உதவி திடீரென்று அறுந்து விழும் இடத்தைப் பொருளியலில் செங்குத்துப் பாறையின் விளிம்பாகச் சொல்வார்கள். அந்த விளிம்பில் நிற்பவர் பின்னால் ஓரடி எடுத்து வைப்பதே புத்தி. ஊழியர் சேமலாப நிதிப் பதிவோடு வரும் வேலையை விட, பதிவில்லாத கைக்காசு வேலையைத் தேடுவார். தங்கியிருக்கும் மனநிலை என்று மேடையில் சொல்வதில் பெரும்பகுதி இந்த விளிம்பின் பயம்தான். கொஞ்சம் உண்மையான பழக்கமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வருடம் முத்திரை வாங்கிய வீட்டில் அது உரிமையாகவே ஆகிவிடும். ஆனால் பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது. கணக்கு மாறினால் அதுவும் மாறும்.

விளிம்பைச் சரிவாக்கலாம். அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தில், கணக்கில் எடுக்கும் வருமானம் ஒரு டொலர் கூடினால் உதவி 30 சதம்தான் குறையும். சம்பாதித்தவர் கையில் பெரும்பாலும் மிச்சம் நிற்கும். இலங்கையில் இதை அப்படியே செய்ய முடியாது, வருமானமே அரசுக்குத் தெரியாதபோது எதிலிருந்து 30 சதத்தைக் கழிப்பது? அதனால் இங்கே பொருந்துவது கால அவகாசம். புதிதாக வேலைக்குப் போனவர் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ முழுத் தொகையும் வாங்கலாம், வேலை போனால் புதிய விண்ணப்பம் இல்லாமல் உடனே திரும்ப உள்ளே வரலாம் என்று எழுத்தில் கொடுத்தால் போதும். திரும்பி வர வழி உண்டு என்று தெரிந்தவர்தான் துணிந்து வெளியே போவார். என் பார்வையில், வெளியேறும் தேதியை விட மறுபடி நுழையும் விதியே முக்கியம். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பெண்கள் விடயத்தில் பிள்ளை பராமரிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் 8,000 ரூபாய் பராமரிப்புச் செலவை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இரட்டிப்பாகிறது. கிராமத்துக்கு ஒரு நல்ல பகல்நேரப் பராமரிப்பு நிலையம் திறப்பது நலத்திட்டச் செலவில் கூட வராது. ஆனாலும் பயிற்சி வகுப்புகளை விட அதிகப் பேரை வெளியே கொண்டுவரும் என்று நம்புகிறேன்.

வேலை இல்லாத ஊரில் வேலைப் பயிற்சி

நல்ல காலத்தில் பயிற்சி கொடுத்தால் வேலை கிடைக்கும். கெட்ட காலத்தில் கம்பனிகளே ஆளைக் குறைக்கின்றன. நூறு பேருக்குத் தையல் பயிற்சி கொடுத்து நூறு மெஷின் கொடுத்தால், அந்த ஊரில் தைக்கத் துணி கொண்டு வருபவர் எத்தனை பேர்? எல்லோர் கையிலும் காசு இல்லாத வருடத்தில் புது உடுப்பைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். ஒருவருக்குப் பொருந்தும் வழி ஊருக்கே பொருந்தாமல் போவது மந்த காலத்தின் குணம்.

எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும். அஸ்வெசும காசு வங்கிக் கணக்கில் விழுந்த அன்றே பெட்டிக்கடைக் கொப்பியில் உள்ள கடன் கொஞ்சம் தீரும். கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கட்டுவார். ஏழையிடம் போன காசு வங்கியில் தூங்காது. ஆகவே மந்த காலத்தில் இந்த உதவி விழுந்த சந்தையைக் கொஞ்சம் தாங்கியும் பிடிக்கிறது. தொழில் படுக்கும்போது தானாக விரிந்து, எழும்போது தானாகச் சுருங்கும் திட்டமே நல்ல திட்டம் என்று பொருளியலாளர் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல சான்று உண்டு. 2007இல் சுமார் இரண்டு கோடி அறுபது இலட்சம் பேர் வாங்கிய அந்த உணவு உதவியை, பெரும் மந்தத்துக்குப் பிறகு 2013இல் நாலு கோடி எழுபது இலட்சம் பேர் வாங்கினார்கள். 2019இல் அது மூன்று கோடி அறுபது இலட்சம் அளவுக்கு இறங்கியது. பிள்ளை இல்லாத, வேலையற்ற வயதுவந்தோருக்கு மூன்று மாதம் மட்டுமே உதவி என்ற கட்டுப்பாடு மீண்டும் வந்தது ஒரு காரணம். பெரிய காரணம் வேலை திரும்பி வந்ததே. அதே நாட்டில் 1996இல் சீர்திருத்தப்பட்ட பண உதவித் திட்டத்துக்கு வருடம் 1,650 கோடி டொலர் என்று நிலையான தொகை குறித்தார்கள். மந்தம் வந்தபோது அது பெரிதாக விரியவே இல்லை. பட்டியல் சிறிதாகவே இருந்தது. சாதனையாகக் காட்டலாம், காட்டினார்கள்.

இலங்கைக்கு அமெரிக்காவைப் போல் நினைத்தபோது கடன் வாங்க முடியாது என்பது உண்மை. 2022இல் ஒருவரும் கொடுக்கவில்லை. நாணய நிதிய ஒப்பந்தத்தில் செலவைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்களே, சமூகப் பாதுகாப்புச் செலவு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் அடிவரம்பும் வைத்தார்கள். 1953இல் அப்படி ஒன்று இல்லை.

எது பலித்தது?

வெளியேற்றத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த திட்டம் பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கியது. மிக ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பசுவோ சில ஆடுகளோ ஒரு கடைக்குத் தேவையான சரக்கோ இனாமாகக் கொடுப்பார்கள். அது வருமானம் தரும் வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை. வாரந்தோறும் ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து போவார். சேமிப்பும் மருத்துவ உதவியும் சேரும். எல்லாம் இரண்டு வருடத்துக்குள். எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து இதைச் சோதித்த முடிவு 2015இல் வெளிவந்தது. உதவி நின்று ஒரு வருடம் கழிந்தும் பெரும்பாலான இடங்களில் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களை விட நன்றாகச் சாப்பிட்டன, சொத்து வைத்திருந்தன. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்தது. ஹொண்டுராஸில் சறுக்கியது, கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின.

இதில் மலிவான பகுதியை மட்டும் பிரித்து எடுக்கும் ஆசை எல்லா அரசுக்கும் வரும். இனாமாகக் கொடுத்த பசுவை விட்டுவிட்டு, அதற்குப் பதில் சுயதொழில் கடன் கொடுப்பார்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நாம் பார்த்திருக்கிறோம். போருக்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்தன. வாரத் தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடைவு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அரசில் தங்கியிருந்தவர் கடன்காரனில் தங்கியிருக்கத் தொடங்கினார், அவ்வளவே. அரசு முத்திரை கொடுக்கத் தாமதித்தால் சண்டை போடலாம். தவணை வாங்க வந்து முற்றத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அது முடியாது.

நடைமுறையில் 2022இல் இலங்கைக் குடும்பங்கள் கண்டுபிடித்த வெளியேறும் வழி வேறு. அந்த ஒரு வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அவர்கள் அனுப்பும் காசுதான் பல வீடுகளை நிமிர்த்தியது. அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். எந்த அமைச்சும் இதைத் தன் திட்டத்தின் வெற்றியாகச் சொல்ல முடியாது என்றாலும், புள்ளிவிபரத்தில் அந்தக் குடும்பமும் வெளியேறிய குடும்பமாகவே விழும்.

வெளியேறவே முடியாதவர்களும் உண்டு. எழுபது கடந்த முதியவர், சிறுநீரக நோயாளி, வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளி. அஸ்வெசுமவுக்குள் இவர்களுக்குத் தனிக் கொடுப்பனவு வைத்திருப்பது சரியான வேலை. இவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டு, இத்தனை பேர் இன்னும் தங்கியிருக்கிறார்கள் என்று கவலைப்படுவது அர்த்தமற்றது. தொகையின் அளவையும் பாருங்கள். 2024இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கோடு ஓர் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாய்க்கு மேல். அந்த வருடம் மிக வறிய குடும்பம் முழுவதற்கும் கிடைத்தது 15,000. இந்தக் காசை நம்பி வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்று சொல்பவர் அந்தக் காசில் ஒரு மாதம் கடை, மின்சாரம், பள்ளிக் கொப்பி மூன்றையும் ஓட்டிக் காட்டட்டும்.

இனி ஒரு கேள்வி மிச்சம். இத்தனை ஆயிரம் குடும்பங்கள் இந்த வருடம் வெளியேறின என்று அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, அது எந்த எண் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியேறிய குடும்பங்களில் நூற்றுக்குப் பத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒரு வருடம் கழித்துப் பிரதேச செயலகத்தில் இருந்து ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். அடைவு வைத்த நகை மீண்டதா, புதிதாக எந்தக் கம்பனியில் தவணை ஓடுகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, மீனோ முட்டையோ கடைசியாக எப்போது சமைத்தார்கள். இதைக் கேட்டு எழுத ஒரு பக்கப் படிவமும் ஒரு சைக்கிளும் தவிர வேறு செலவில்லை. கிராம அலுவலரான விதானையாரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் ஏற்கனவே ஊரில்தான் இருக்கிறார்கள்.